ஜெராக்ஸ் பத்தியம்

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாக வந்தால், பல இடங்களில் மாத்திரைச் சீட்டோடு இன்னொரு தாளும் கைக்கு வரும். 'டயட் சார்ட்'. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தெல்லாம் பாதி அழிந்திருக்கும். காலை 6 மணி: சர்க்கரை போடாத காபி. 8 மணி: இட்லி மூன்று, அல்லது ஓட்ஸ் கஞ்சி ஒரு கப். 11 மணி: மோர். மதியம் 1 மணி: சாதம் ஒரு கப், காய்கறி இரண்டு கப். 4 மணி: சுண்டல். ராத்திரி 8 மணி: சப்பாத்தி இரண்டு. கீழே கட்டம் கட்டி, 'தவிர்க்க வேண்டியவை' என்று கிழங்கு, மாம்பழம், வெல்லம், எண்ணெய்ப் பலகாரம். சில தாள்களில் அதற்கும் கீழே ஒரு புரோட்டீன் பவுடரின் விளம்பரம்.

தாளில் எழுதியிருப்பது எதுவும் பொய் இல்லை. ஆனால், அதை வாங்கிக்கொண்டு போகிறவர் யார், என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார்கள், காய்கறிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு செய்ய முடியும் என்று எதுவுமே அந்தத் தாளுக்குத் தெரியாது. கேட்காமலே சொன்ன யோசனை அது. நான்கு நாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். ஐந்தாம் நாள் அதன் மேல் கேஸ் ரசீது வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த முறை டாக்டர், 'சாப்பாட்டுல கட்டுப்பாடே இல்லையேம்மா' என்பார். தப்பு நோயாளி தலையில்.

உணவு ஆலோசனை என்பது ஒரு தொழில். அதற்கென்று படிப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகளில் தனி அறை இருக்கிறது. அந்தத் தொழிலின் நோக்கம் என்ன? தாள் கொடுப்பதா?

இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரியக்குடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

ஏன் அரியக்குடி? காரைக்குடியை ஒட்டிய செட்டிநாட்டு ஊர். சாப்பாட்டுக்கென்றே உலகம் முழுக்கப் பெயர் எடுத்த வட்டாரம். தென்திருப்பதி என்று சொல்லப்படும் பெருமாள் கோயில் உண்டு. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ராமானுஜ ஐயங்காரின் ஊர். அவரிடம் கடைசியில் வருகிறேன். இந்த ஊரில் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிஜப் பெயர் எதுவும் வேண்டாம். இந்த மூன்று பேரும் உங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

முதலாவது, ஓர் ஆச்சி. வயது 68. பத்து வருஷமாகச் சர்க்கரை. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. உள்ளே இருப்பது அவர் ஒருத்தர்தான். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். ஒரு ஆளுக்காக எந்தக் காயை நறுக்குவது? சாதம், குழம்பு, ஊறுகாய். ராத்திரிக்கு இடியாப்பம். 'காய்கறி இரண்டு கப்' என்கிறது தாள்.

இரண்டாவது, விளக்குப் பட்டறையில் வேலை பார்க்கிற 45 வயதுக்காரர். பித்தளையை உருக்கி வார்ப்பது, கடைசல் பிடிப்பது, மெருகேற்றுவது என்று பகல் முழுக்க அனலும் வியர்வையும். பசிக்கிறபோதெல்லாம் டீ. ஒவ்வொரு டீயிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியில் புரோட்டா. '11 மணி: மோர்' என்கிறது தாள். உருக்கின பித்தளை 11 மணிக்குக் காத்திருக்குமா?

மூன்றாவது, கூலி வேலைக்குப் போகிற முப்பது வயதுப் பெண். உடம்பு பருமன்; ஆனால் ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை. முரண்பாடு மாதிரித் தெரியும். இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டைப் பற்றிச் சொன்னது இதைத்தான்: 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை, 100-க்கு 40 பேர் தேவைக்கு மேல் எடை. இரண்டு கூட்டத்திலும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. ரேஷனில் அரிசி 2011-லிருந்து இலவசம். துவரம்பருப்பு மானிய விலையில் மாதம் ஒரு கிலோ. கீரை, முட்டை, பழம் எல்லாம் கைக்காசு. எது மலிவோ அதுதான் வயிற்றை நிரப்பும். அதிலும் எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறவர் இவர். தாள் இவரிடம் 'சாதத்தைக் குறை' என்கிறது. குறைத்த இடத்தில் எதை வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்று பேருக்கும் ஒரே ஜெராக்ஸ்.

* * *

இந்தத் தொழிலின் பாடப்புத்தகம் இப்படிச் செய்யச் சொல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. முதலில் விசாரி, பிறகு பிரச்னை என்ன என்று கணி, பிறகு ஒன்றிரண்டு மாற்றங்களைப் பேசி முடிவு செய், பிறகு திரும்ப வரச் சொல்லிப் பார் என்று நான்கு படி வைத்திருக்கிறார்கள். முதல் படியில் ஒரு எளிய வழி உண்டு. '24 மணி நேர நினைவு' என்பார்கள். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை வாயில் போட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவது. கருவி வேண்டாம், ஊசி வேண்டாம். காது இருந்தால் போதும். கொஞ்சம் நேரமும்.

நம் ஆச்சியிடம் ஒரு பெண் டயட்டீஷியன் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆச்சி, நேத்து காலையில எந்திரிச்சதும் என்ன சாப்பிட்டீக?"

"ஒண்ணும் சாப்பிடலை தாயி. வெறும் காப்பித்தண்ணிதான். நேத்து சனிக்கிழமையில்ல? புரட்டாசி. பெருமாளுக்கு விரதம்."

"மாத்திரை போட்டீகளா?"

"அது தப்பாமப் போட்டுட்டேன். டாக்டர் காலையில போடணும்னு சொல்லியிருக்காகளே."

"அப்புறம் எப்பச் சாப்பிட்டீக?"

"கோயிலுக்குப் போயிட்டு வர மத்தியானம் ஆயிருச்சு. வர்றப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. வெயிலுன்னு நெனைச்சேன்."

அது வெயில் இல்லை. சில வகைச் சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மயங்கி விழலாம். தனியாக இருக்கிற வீட்டில், பூட்டின கதவுக்குப் பின்னால் விழுந்தால் யார் பார்ப்பது? இந்த மூன்று கேள்வியில் ஒரு உயிர் இருக்கிறது. ஜெராக்ஸ் தாளில் 'புரட்டாசி சனிக்கிழமை' என்று ஒரு வரி கிடையாது, இருக்கவும் முடியாது. 'விரதமெல்லாம் மூடநம்பிக்கை, விடுங்க' என்று சொன்னால் ஆச்சி அடுத்த முறை வரமாட்டார். வந்தாலும் உண்மையைச் சொல்லமாட்டார். விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டு எழுதிக் கொடுப்பதுதான் அவருக்கான ஆலோசனை.

அப்புறம் காய்கறி. ஆச்சிக்கு மண்டி வைக்கத் தெரியும். அரிசி கழுவின தண்ணீரில் வெண்டைக்காயும் மொச்சையும் போட்டு வைக்கிற செட்டிநாட்டு மண்டி. ஒரு நாள் வைத்தால் மறுநாளும் ருசிக்கும். 'வாரத்துக்கு ரெண்டு நாள் மண்டி வைங்க ஆச்சி. இடியாப்பத்துல ரெண்டைக் குறைச்சுட்டு, மொச்சையைக் கூடப் போட்டுக்கங்க' என்று சொன்னால், அது அவர் வீட்டுச் சமையல். அவரால் முடியும். புரோக்கோலியும் ஆலிவ் எண்ணெயும் முடியாது.

கவுனி அரிசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர்களோடு செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பு அரிசி. இன்றைக்குப் பட்டணத்துக் கடைகளில் 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்று லேபிள் ஒட்டி விற்கிறார்கள். அதைச் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய் போட்டுக் கிளறித்தான் செட்டிநாட்டு விருந்தில் வைப்பார்கள். லேபிள் அரிசியோடு நின்றுவிடுகிறது. ஆலோசனை அடுப்பு வரைக்கும் போக வேண்டும்.

பட்டறைக்காரருக்கு டீயை நிறுத்தச் சொல்ல முடியாது. ஒவ்வொரு டீயிலும் ஒரு ஸ்பூனைக் குறைக்கச் சொல்லலாம். எட்டு டீ என்றால் எட்டு ஸ்பூன். பட்டறையில் ஒரு பானைத் தண்ணீர், கூட ஒரு டப்பாவில் வறுத்த கடலை. அந்தப் பெண்ணுக்கு, இரும்புச்சத்து மாத்திரையோடு, வீட்டு ஓர முருங்கைக் கீரை, மேலே கொஞ்சம் எலுமிச்சை; சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாகச் சேராது என்பதால் டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லலாம். காசு செலவில்லாத யோசனைகள். ஆனால், கேட்டால்தான் தெரியும்.

* * *

'இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேசிப் பேசி நோயைத் தடுக்க முடியுமா சார்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சென்னையிலேயே இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை. இரண்டாம் பிரிவுக்குச் சாப்பாடு, நடை பற்றித் தொடர்ந்த ஆலோசனை. மூன்றாம் பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். மூன்று வருஷம் கழித்து, பொது அறிவுரைப் பிரிவில் 100-க்கு 55 பேர் சர்க்கரை நோயாளிகளாகியிருந்தார்கள். ஆலோசனைப் பிரிவில் 39 பேர். மாத்திரைப் பிரிவில் 40 பேர். இரண்டும் சேர்ந்த பிரிவிலும் அதே அளவுதான்.

திரும்ப ஒருமுறை படியுங்கள். பேச்சும் மாத்திரையும் சமம். இன்னொரு செய்தியும் உண்டு. ஆலோசனைப் பிரிவில் இருந்தவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. 'ஒரே மாதத்தில் பத்து கிலோ' என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எடை மெஷினில் முள் இறங்குவது மட்டுமே ஆலோசனையின் வெற்றி இல்லை.

அதே குழுவினரின் இன்னொரு ஆய்வு 2013-ல் வந்தது. இதே மாதிரி விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகிற ஆண்கள் 537 பேர். ஒரு பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் ஒருமுறை அறிவுரை. அதோடு சரி. இன்னொரு பாதிப் பேருக்கு அதே அறிவுரை, கூடவே செல்போனுக்கு அடிக்கடி குறுஞ்செய்தி. இரண்டு வருஷத்தில் முதல் கூட்டத்தில் 100-க்கு 27 பேர் நோயாளிகள்; குறுஞ்செய்தி போன கூட்டத்தில் 18 பேர்தான். ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதற்கும், 'எப்படி இருக்கீங்க, நடந்தீங்களா?' என்று தொடர்ந்து கேட்பதற்கும் இருக்கிற வித்தியாசம் அந்த ஒன்பது பேர்.

இதன் அவசரம் புரிய இன்னும் சில எண்கள். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேர். 2025-ல் வந்த அதே ஆய்வின் இன்னொரு பகுதி, நம் சாப்பாட்டின் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்றது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தானியத்தின் பங்கை 45 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. இந்த இடைவெளியைக் குறைக்க ஒவ்வொரு வீட்டுத் தட்டிலும் கை வைக்க வேண்டும். பத்து கோடி ஜெராக்ஸ் எடுத்து அதைச் செய்துவிட முடியாது.

அந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில்தான். 1918-ல் பெரிபெரி நோயை ஆராய, பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் ஆரம்பித்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் நிஜமாக என்ன சாப்பிடுகிறார்களோ, அதையே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், காய்கறி சாப்பிட்ட 'சீக்கிய' எலிகள் முதல் இடத்தில். அரிசியே பிரதானமான 'மெட்ராஸ்' எலிகள் கடைசி வரிசையில். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, வீடு வீடாக ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்க வைத்தார். ஆந்திரக் கடற்கரையில் பெரிபெரி ஏன் வருகிறது, புழுங்கலரிசி சாப்பிடும் தமிழ்நாட்டில் ஏன் வருவதில்லை என்பதற்கு விடை கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது உமிக்கு அடியில் இருக்கும் வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியில் அது தவிட்டோடு போகிறது. மிச்சம் இருப்பது கழுவின தண்ணீரோடு போகிறது. அந்தத் தண்ணீரில்தான் நம் ஆச்சி மண்டி வைக்கிறார்.

பானைக்குள் எட்டிப் பார்த்ததில் ஆரம்பித்த விஞ்ஞானம் இது. இன்றைக்கு அதன் பெயரால் பானையையே பார்க்காமல் தாள் கொடுக்கிறோம்.

* * *

இதற்கு டயட்டீஷியன்களை மட்டும் திட்டி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. வரிசையில் இத்தனை பேரை நிறுத்திவைத்து ஒருவருக்கு ஐந்து நிமிஷம் என்றால், யாராக இருந்தாலும் ஜெராக்ஸைத்தான் நீட்டுவார்கள். ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிற நாமும், 'வெறும் பேச்சுக்கு எதுக்கு முந்நூறு ரூபாய்?' என்று கேட்கிறவர்கள்தான். மாத்திரை இல்லாத ஆலோசனைக்கு மரியாதை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பவுடர் விற்கிறவர்கள் வந்து உட்கார்கிறார்கள். ஆலோசனை இலவசம், டப்பா மூவாயிரம் ரூபாய்.

இந்திய டயட்டீஷியன்கள் சங்கம் 1963-ல் ஆரம்பித்தது. தேர்வு வைத்துப் பதிவு பெற்றவர்கள் என்று சான்றிதழும் தருகிறது. ஆனாலும் யார் வேண்டுமானாலும் 'நியூட்ரிஷனிஸ்ட்' என்று போர்டு மாட்டலாம் என்பதுதான் வெகுகாலம் நிலைமை. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம்தான் டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்டையும் மருத்துவம் சார்ந்த தொழில்களின் பட்டியலில் சேர்த்து, பதிவேடு வேண்டும் என்றது. பதிவேடு வந்தால் போலி போகும். கேட்கிற பழக்கம் அதனால் மட்டும் வந்துவிடாது. அதற்கு நேரமும் சம்பளமும் ஒதுக்க வேண்டும்.

நம் அரசாங்கத்துக்கு ஒரு யோசனை. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ஆரம்பித்தது. வீட்டு வாசலுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வருகின்றன. கொண்டுவருகிற பெண்கள் உள்ளூர்க்காரர்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் விரதம் இருக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாத்திரை அட்டையோடு 'நேத்து என்ன சாப்பிட்டீக?' என்ற கேள்வியையும் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் என்ன? சிக்கலான விஷயத்தை மேலே இருக்கிற டயட்டீஷியனுக்கு அனுப்பலாம். குழந்தைகளின் பசி எங்கே என்று பார்த்துப் பார்த்துச் சத்துணவும் முட்டையும் காலை உணவும் கொண்டுவந்த மாநிலம் இது. பெரியவர்கள் தட்டையும் ஒருமுறை பார்க்கலாமே.

அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை மறக்கவில்லை. அவருக்கு முன்னால் கச்சேரி என்றால், ஒரு ராகத்தை, ஒரு பல்லவியை மணிக்கணக்கில் பாடுவது. கேட்கிறவர் பாடு திண்டாட்டம். ஐயங்கார் எதையும் தூக்கி எறியவில்லை. முதலில் ஒரு வர்ணம், பிறகு விறுவிறுப்பாக நாலைந்து கீர்த்தனை, நடுவில் அளவான ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் ஓர் இடமும் வைத்தார். எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் போட்ட கணக்கு அது. இன்றுவரை கச்சேரி மேடை அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. தட்டுக்கும் அதே கணக்கு போதும். ஆச்சியின் தட்டில் கவுனி அரிசி துக்கடாவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

வள்ளுவரும் 'மருந்து' என்று தலைப்பு வைத்துவிட்டு, பத்தில் ஆறு குறளில் சாப்பாட்டைப் பற்றியேதான் பேசுகிறார். அதே அதிகாரத்தில் வைத்தியருக்கும் ஒரு வேலை சொல்கிறார்: நோயை மட்டும் பார்க்காதே, நோயாளியின் அளவையும் காலத்தையும் பார்.

எனவே வாசகர்களே, அடுத்த முறை உணவு ஆலோசனைக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார்களா? எதையாவது விற்கிறார்களா? மறுபடி எப்போது வரச் சொல்கிறார்கள்? முதல் கேள்வியும் மூன்றாவதும் இல்லாமல், இரண்டாவது மட்டும் இருந்தால், மரியாதையாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அவர்கள் கேட்கவில்லை என்றால் நீங்களாகவே சொல்லுங்கள். 'நேத்து சனிக்கிழமை, விரதம்' என்பதில் ஆரம்பியுங்கள். வெட்கப்பட வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட புரோட்டாவையும் சேர்த்தே சொல்லுங்கள்.